ஜாஸ் சேகரிப்பு: உங்களுக்கு முதலில் பிடிபட்டது எது?

ஜாஸ் கேட்க ஆசைப்பட்டு நான் செய்த முதல் காரியமே தப்பு. பத்து சிடி கொண்ட மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். மொத்த வரலாறும் அதில் இருக்கிறதாம். யார் வாசித்தது, எந்த வருஷம் என்று ஒரு வரிகூட அச்சடிக்கவில்லை. மூன்றாவது சிடியிலேயே எல்லாம் ஒரே பாட்டு மாதிரி ஆகிவிட, பெட்டி பரணுக்குப் போனது.

அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைக் கொடுத்து, "ஒரு மாசம் இதை மட்டும் கேளுங்க" என்றார். 1959-இல் நியூயார்க்கில் இரண்டே நாளில் பதிவானது. முதல் வாரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் ராத்திரி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அதன் முதல் பாட்டான 'சோ வாட்' தொடக்கத்தில் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் ஏதோ கேட்க, முதலில் பியானோவும் பிறகு ஊதுகுழல்களும் இரண்டே சுரத்தில் பதில் சொல்வது சட்டென்று காதில் விழுந்தது. மடித்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அட்டையில் இருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை வாங்கினேன். சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன் வழியாக 'ப்ளூ ட்ரெயின்' (1957), அதிலும் பாஸ் வாசிப்பது அதே பால் சேம்பர்ஸ். பியானோ வாசித்த பில் எவன்ஸ் வழியாக 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பதிவு செய்தது, கண்ணாடிக் குவளைகள் இடிபடுவதும் ஆட்கள் பேசுவதும் நன்றாகவே கேட்கும். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. இது தெரிந்த பிறகு அந்தப் பேச்சுக்குரல்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

—

மேலே எழுதியவருக்கு 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பற்றி ஒன்று சொல்லணும். என்னிடம் இருந்தது பழைய பிரதி. கூடவே கீபோர்டு வாசித்துப் பார்த்தால் முதல் மூன்று பாட்டும் சுருதி சேரவே இல்லை, என் காதில்தான் கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்தேன். முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், திருப்பிப் போடும்போது சுருதி ஏறிவிட்டதாம். 1992-இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். பழையது வாங்குபவர்கள் பார்த்து வாங்குங்கள்.

—

என் பங்குக்கு நானும் சொல்கிறேன். நான் மிருதங்கம் கற்றவன், அதனால் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்'தான் இழுத்தது. ஐந்து எண்ணிக்கை என்றதும் கை தானாகக் கண்ட சாபு போடப் போகும், ஆனால் நம்முடையது தக தகிட, அவர்களுடையது தகிட தக. இடறிக்கொண்டே இருந்தேன், அதுவும் ஒரு சுகம்தான். உற்சாகத்தில் அடுத்து வாங்கியது கோல்ட்ரேனின் 'அசென்ஷன்'. பதினொரு பேர், கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம், முக்கால்வாசி நேரம் ஒரே முழக்கம். சமையலறையிலிருந்து வந்த மனைவி, "ஸ்பீக்கர் போயிடுச்சா?" என்றார். இரண்டாவது தட்டாக அதை வாங்காதீர்கள், இருபதாவதாக வாங்கலாம்.

—

முதலில் எழுதிய நானேதான் மறுபடியும். உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தில் துணையே இல்லாமல் லூயி ஆம்ஸ்ட்ராங் தனியாக டிரம்பெட் ஊதுகிறாரே, இதையா அன்றைக்குத் தள்ளிவிட்டேன்! உறையில் பென்சிலால் 1928 என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்பது சிடி பாக்கி.