தேங்காய்ப்பால் ஊத்தின பாஸ்தா எந்தக் கணக்கில ஆரோக்கியம்?

உப்புவெளியாள்:
நேற்று ஒரு தம்பி இங்க படத்தோட எழுதியிருந்தார்: "கிறீம் கூடாது. அதுக்குப் பதிலா ரெண்டு கப் கட்டித் தேங்காய்ப்பால் விடுங்கோ. நாலு பேருக்கு வீட்டிலயே ஆரோக்கியமான பாஸ்தா ரெடி." கீழ ஒரே பாராட்டு. வாசிக்க வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கட அப்பா நெஞ்சு வருத்தக்காரர், கிளினிக் போய் வாறவர். அம்மா அதைப் பாத்திட்டு "பிள்ளை, இது நல்லதாம்" எண்டு தேங்காய் உடைக்கப் போயிட்டா. அதனால கணக்கைச் சொல்லுறன். 100 மில்லி கட்டிப்பாலில 20 கிராமுக்கு மேல கொழுப்பு. அதில பத்தில ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுற வகை. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது, ஒரு நாள் சக்தியில 10 வீதத்துக்கு மேல இந்தக் கொழுப்பால வரக்கூடாது எண்டு. 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு அது 22 கிராம். ரெண்டு கப் பாலை நாலா பிரிச்சாலும் ஆளுக்கு அரைக் கப், அதில நிறைவுற்ற கொழுப்பு 25 கிராம் போல. ஒரு கோப்பையோட அண்டைக்குரிய அளவு முழுக்க முடிஞ்சுது. இதில எங்க ஆரோக்கியம்?

கோணமலைத்தம்பி:
அக்கா, அந்தப் படம் போட்டது நான்தான். என்னட்டயே கேட்டிருக்கலாம், மறைஞ்சு நிண்டு கல்லெறியத் தேவையில்லை. தேங்காயில கொலஸ்ட்ரோல் துளியும் இல்லை. கிறீம் மாட்டுப்பாலில வாறது, அதில இருக்கு. அப்ப எது நல்லது? எங்கட அம்மம்மா மூண்டு நேரமும் சம்பலும் சொதியுமாச் சாப்பிட்டு எண்பது தாண்டி இருந்தவ.

உப்புவெளியாள்:
தேங்காயில கொலஸ்ட்ரோல் இருக்கெண்டு நான் எந்த வரியில எழுதினனான்? காட்டுங்கோ. நிறைவுற்ற கொழுப்பு கூட உள்ள போனா, இரத்தத்தில ஓடுற கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல் இழுத்தெடுக்கிறது குறையும். கொலஸ்ட்ரோல் சாப்பாட்டில வர வேணுமெண்டில்லை, உடம்பே செய்யும். கட்டியான கிறீமில 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு 23 கிராம் போல, கட்டித் தேங்காய்ப்பாலில 21 போல. இந்த வித்தியாசத்துக்கோ "ஆரோக்கியம்" எண்டு பேர் வைச்சனீங்கள்? அம்மம்மா கிணத்தில தண்ணி அள்ளி, உரலில இடிச்சு, கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறினவ. நீங்கள் மலையடி மட்டும் மோட்டச்சைக்கிளில போற ஆள்.

துறைமுகத்தார்:
பிள்ளை, உங்கட தகப்பனார் வயசு எனக்கு, அதனால பொறுமையாச் சொல்லுறன். பசிபிக் கடலில டோக்கெலாவ், புகாபுகா எண்டு தீவுகள் இருக்கு. அங்கத்தைய சனம் தேங்காயை வைச்சே சீவிச்சது. டோக்கெலாவில சாப்பாட்டுச் சக்தியில பாதிக்கு மேல தேங்காயால வந்தது. 1981ல வந்த ஆய்வு, அவையளிட்ட இருதய வருத்தம் அரிது எண்டு சொல்லுது. தேங்காயைப் பழிச்சுப் பேசுறது எங்கட முன்னோரைப் பழிக்கிற மாதிரி. வெள்ளைக்காரன் தன்ர எண்ணெய் விக்கச் சொன்ன கதையை நீங்கள் காவித்திரியிறியள்.

உப்புவெளியாள்:
ஐயா, அந்த ஆய்வை முழுசா வாசிச்சனீங்களோ? தேங்காய் கூடச் சாப்பிட்ட டோக்கெலாவாருக்கு, புகாபுகாவாரை விடக் கொலஸ்ட்ரோல் கூட இருந்ததெண்டும் அதே ஆய்விலதான் கிடக்கு. அவையள் மீனும் ஈரப்பலாக்காயும் சாப்பிட்டு, வள்ளம் வலிச்ச சனம். சீனியும் மாவும் கொஞ்சம். நாங்கள் தேநீருக்கு மூண்டு கரண்டி சீனி, பின்னேரம் ரோல்ஸ், இரவில தேங்காய்ப்பால் பாஸ்தா. 2017ல அமெரிக்க இருதயச் சங்கம் தேங்காயெண்ணெயைத் தவிருங்கோ எண்டு அறிவுறுத்தினது, அதுவும் அந்த நிறைவுற்ற கொழுப்புக்காகத்தான். என்ர கேள்வி அப்பிடியே நிக்குது: அரைக் கப்பில 25 கிராம், ஒரு நாளுக்கு 22 கிராம். பதில் சொல்லுங்கோ.

பாலையூற்றுப் பிள்ளை:
வணக்கம். என்னட்ட ஒரு பைக்கற் பாஸ்தா, தக்காளி, போஞ்சி, கொஞ்சம் சூரை மீன் கிடக்கு. அம்மாவுக்குச் சீனி வருத்தம். எப்பிடிச் செய்யலாமெண்டு ஆராவது சொல்லுவியளோ?

தம்பலகாமத்தான்:
தங்கச்சி, சீனி வருத்தத்துக்கு பாஸ்தாவே வேண்டாம். அது மாத்தானே. குரக்கன் பிட்டு அவிச்சுக் குடுங்கோ. எங்கட வயலில விளையிற சிவப்பரிசி இருக்கேக்க, பைக்கற்றில வாற வெளிநாட்டு மா எதுக்கு? சீனக்குடாவில 1980ல இருந்து மா ஆலை ஓடுது. திருமலையில அரைக்கிற மா பத்தாதெண்டோ இத்தாலியில இருந்து இறக்குறியள்?

லண்டனிலிருந்து திருமலையான்:
பாணுக்குப் போற மா வேற, பாஸ்தாவுக்குரிய மா வேற. பாஸ்தாவுக்கு டூரம் எண்ட கடினமான கோதுமையின்ர ரவை வேணும். உலர்ந்த பாஸ்தாவை டூரத்தில மட்டும்தான் செய்யலாமெண்டு இத்தாலியில 1967ல சட்டமே போட்டவை. அதனால கிளைசீமிக் சுட்டெண், அதாவது சாப்பாடு இரத்தத்தில சீனியை எவ்வளவு வேகமா ஏத்துதெண்ட கணக்கு, 50 அளவில நிக்கும். வெள்ளைப் பாண் 75 போல, வெள்ளைச் சோறும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். முழுக் கோதுமைப் பாஸ்தா எடுத்தா நார்ச்சத்து இன்னும் கூட. நான் இங்க அதுதான் வாங்குறனான்.

தம்பலகாமத்தான்:
அண்ணை, நீங்கள் அங்க இருந்து வாங்குவியள், சரி. இங்க அந்த முழுக் கோதுமைப் பைக்கற்றின்ர விலை தெரியுமோ? வெளிக்கிட்டுப் போய்க் கனகாலம், இப்ப எங்களுக்குச் சமையல் சொல்லித் தாறியள்.

லண்டனிலிருந்து திருமலையான்:
போனதுக்குக் காரணம் இருக்கு, அது உங்களுக்கும் தெரியும். அதை இதுக்குள்ள இழுக்க வேண்டாம். நான் விலையைப் பற்றிக் கதைக்கேல்லை, டூரத்தைப் பற்றிச் சொன்னனான்.

உப்புவெளியாள்:
ரெண்டு பேரும் வேற திசையில போறியள். பாஸ்தா இங்க எதிரி இல்லை. இத்தாலியில ஒராளுக்கு எடுக்கிறது காய்ஞ்ச பாஸ்தா 80 கிராம், அவ்வளவுதான். நாங்கள் பெரிய சட்டியில முழுப் பைக்கற்றையும் கொட்டி, கோப்பையில குவிச்சுச் சாப்பிடுறம். அதுக்கு மேல தேங்காய்ப்பால். பிழை அங்க கிடக்கு. அந்த 25 கிராமுக்கு இன்னும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

கோணமலைத்தம்பி:
தினமும் ஆர் சாப்பிடுறது? வெள்ளிக்கிழமை இரவு ஒரு நேரம். பட்டரும் சீஸும் போடுறதை விட இது எவ்வளவோ மேல். நீங்கள் சொல்லுறதைப் பாத்தா திருமலையில ஒரு வீட்டிலயும் சொதி வைக்கேலாது.

உப்புவெளியாள்:
சொதிக்கு ஆர் ரெண்டு கப் கட்டிப்பால் விடுறது? சொதியைத் தண்ணிப்பாலில கொதிக்க வைச்சு, கடைசியா முதற்பால் கொஞ்சம் விட்டு, ஒரு கொதி வரமுதல் இறக்குவம். அது சோத்தோட ஒரு அகப்பை. நீங்கள் படத்தில காட்டின சட்டியில எண்ணெய் மேல மிதந்து, ஓரத்தில மஞ்சளா வளையம் போட்டு நிக்குது. அதைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. முதற்பாலைக் கொதிக்க விட்டுப் பிரிச்சிருக்கிறியள். சமையலும் பிழைச்சுது, கணக்கும் பிழைச்சுது.

கோணமலைத்தம்பி:
என்ர சட்டியைப் பற்றிக் கதைக்க வேண்டாம் அக்கா. அண்டைக்கு நண்டுக்கறிக்கு நீங்கள் போட்ட படத்தில குழம்பு தண்ணியா ஓடினது. நான் ஒண்டும் சொல்லேல்லையே.

உப்புவெளியாள்:
நண்டுக்கறியை "ஆரோக்கியம்" எண்டு நான் விக்கேல்லை.

கிண்ணியா நானா:
ஏன் தங்கச்சி இந்தச் சண்டை? எங்கட ஊர் எருமைத்தயிர் இருக்கு. கிறீமும் வேணாம், தேங்காய்ப்பாலும் வேணாம். எருமைப்பாலில கொழுப்பு 7, 8 வீதம்தான், தேங்காய்க் கட்டிப்பாலில இருக்கிறதில மூண்டில ஒரு பங்கு. எங்கட ராத்தா செய்றது இப்பிடி: தக்காளி உள்ளி வதக்கி, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டி, அடுப்பை நிப்பாட்டி, சூடு கொஞ்சம் ஆறின பிறகுதான் தயிர். கொதிக்கேக்க போட்டா திரிஞ்சு தண்ணி கக்கும். தயிரைக் கரண்டியால அடிச்சு, சட்டிச் சாறு ரெண்டு கரண்டி தயிருக்குள்ள விட்டுக் கலக்கி, பிறகு ஊத்த வேணும். புளிப்பு இருக்கிறதால உப்பும் குறையப் போதும்.

தம்பலகாமத்தான்:
நானா, தயிர் எண்டா தம்பலகாமத்துத் தயிர். சட்டியைக் கவிட்டாலும் விழாது. கிண்ணியாத் தயிர் போன கிழமை வாங்கினது, மேல தண்ணி நிண்டது.

கிண்ணியா நானா:
மச்சான், அது நீங்க வெயிலில காவிக்கொண்டு போனதால. திருமலைச் சந்தைக்கு விடிய வாற சட்டியெல்லாம் எந்த ஊர்ச் சட்டி எண்டு கேட்டுப் பாருங்க.

துறைமுகத்தார்:
தயிரிலயும் நிறைவுற்ற கொழுப்புத்தானே இருக்கு? பிள்ளை இதுக்கு ஏன் கோபிக்கேல்லை? எருமை எண்டா நல்லது, தென்னை எண்டா கெட்டதோ? இதுதான் நான் சொன்ன ஓரவஞ்சனை.

உப்புவெளியாள்:
ஓரவஞ்சனை இல்லை ஐயா, அளவு. அரைக் கப் தயிரில நிறைவுற்ற கொழுப்பு 5, 6 கிராம். அரைக் கப் கட்டிப்பாலில 25. நாலு மடங்குக்கு மேல. தயிரில புரதமும் வருது. நீங்கள் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டன். நான் கேட்டதுக்கு எப்ப?

துறைமுகத்தார்:
மனிசன் கிராம் கணக்கில சாப்பிடுறதில்லை. வயிறறிஞ்சு சாப்பிடுறவன். தேங்காய்க் கொழுப்பு மற்றக் கொழுப்பு மாதிரி இல்லை, லோரிக் அமிலம் கூட உள்ளது, நல்ல கொலஸ்ட்ரோலை ஏத்தும். இதையும் கணக்கில எழுதுங்கோ.

உப்புவெளியாள்:
எழுதுறன். நல்லதை ஏத்தும், கெட்டதையும் சேர்த்து ஏத்தும். ரெண்டாவதை ஏன் விட்டனீங்கள்? அப்பாவின்ர ரிப்போட்டில டொக்டர் வட்டம் போட்டது அந்த ரெண்டாவதுக்குத்தான்.

பாலையூற்றுப் பிள்ளை:
அக்கா, என்ர சூரை மீன் இளகிட்டுது. ஆராவது சொல்லுங்கோவன்.

உப்புவெளியாள்:
தங்கச்சி, மன்னிக்கோணும், இவையளோட நிண்டு உங்களை விட்டிட்டன். சூரையை மஞ்சள், மிளகு, கொஞ்சம் உப்புப் போட்டு அவிச்சு முள்ளெடுத்து உதிருங்கோ. நாலு தக்காளி, நாலைஞ்சு பல்லு உள்ளி, ஒரு செத்தல் மிளகாய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காணும். தக்காளி உடைஞ்சு குழையும் வரைக்கும் வதக்குங்கோ. எண்ணெயோட வெந்தாத்தான் தக்காளியின்ர சிவப்புச் சத்தை உடம்பு நல்லா எடுக்கும். பாஸ்தாவில ஒண்டை எடுத்துக் கடிச்சுப் பாருங்கோ. நடுவில மெல்லிய வெள்ளைப் பொட்டு தெரிஞ்சா இறக்குற பருவம். குழைய விட்டா சீனி வேகமா ஏறும். இறக்கமுதல் அவிச்ச தண்ணியில ஒரு அகப்பை எடுத்து வையுங்கோ. அதைச் சட்டியில விட்டா, அந்த மாப்பிடிப்பில சாறு தடிச்சு பாஸ்தாவில ஒட்டும், பாலும் வேண்டாம் கிறீமும் வேண்டாம். போஞ்சியைச் சரிவா வெட்டி, பாஸ்தா வேகிற தண்ணியிலயே கடைசி அஞ்சு நிமிஷம் போடுங்கோ. முருங்கையிலை கிடந்தா இறக்கேக்க ஒரு கைப்பிடி. அம்மாவின்ர கோப்பையில பாஸ்தாவை விட மரக்கறியும் மீனும் கூட இருக்கோணும். உப்பில கவனம், நாளுக்கு 5 கிராம்தான், தண்ணியில அள்ளிக் கொட்ட வேண்டாம்.

லண்டனிலிருந்து திருமலையான்:
பாஸ்தா அவிக்கிற தண்ணி கடல்தண்ணி மாதிரி உப்பா இருக்கோணும் எண்டு இத்தாலிக்காரரே சொல்லுவினம். உப்பில்லாமல் அவிச்சா உள்ள ருசியே பிடிக்காது.

உப்புவெளியாள்:
அண்ணை, நீங்கள் நிலாவெளிக் கடலில குளிச்ச ஆள்தானே, கடல்தண்ணியில அவிச்சதைச் சீனி வருத்தமுள்ள மனிசிக்குக் குடுப்பியளோ? லீற்றருக்கு 35 கிராம் உப்பு அது.

லண்டனிலிருந்து திருமலையான்:
அந்தத் தண்ணியை வடிக்கிறம்தானே. முழுக்க உள்ள போகாது.

உப்புவெளியாள்:
ஒரு அகப்பை எடுத்துச் சாறில விடச் சொல்லியெல்லோ எழுதியிருக்கிறன். வாசிக்காமல் பதில் போட வேண்டாம். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கோ தங்கச்சி?

தம்பலகாமத்தான்:
பாத்தியளோ, கடைசியில பாஸ்தாவுக்கு முருங்கையிலை. பிறகு பிட்டே அவிச்சிருக்கலாம். நானா, தயிர்க் கதை முடியேல்லை, ஞாயிறு சந்தைக்கு வாங்கோ, ரெண்டு சட்டியையும் கவிட்டுப் பாப்பம்.

கிண்ணியா நானா:
வாறன். தோத்தா ரெண்டு சட்டிக்கும் காசு நீங்கதான்.

கோணமலைத்தம்பி:
வெள்ளிக்கிழமை கணவாய் போட்டு அதே தேங்காய்ப்பால் பாஸ்தா திரும்பச் செய்யப்போறன், படமும் போடுவன். இந்த முறை மூண்டு கப்.

உப்புவெளியாள்:
போடுங்கோ. "ஆரோக்கியம்" எண்ட சொல்லை மட்டும் எடுத்திட்டுப் போடுங்கோ, எனக்கு ஒரு கதையும் இல்லை. அந்தச் சொல்லோட வந்தா கீழ முதல் ஆளா நான் நிப்பன்.

துறைமுகத்தார்:
சொல்லை எடுக்காதையும் தம்பி. பெரிசா எழுதும்.