வீட்டு கம்ப்ரசருக்கு எந்த கப்ளர் போடுவது? நெயில் கன்னில் மரை சேரவில்லை

பாயான்பாரு_மரவேலை:
வணக்கம் அண்ணன்மாரே. வீட்டு கார் போர்ச்சில் 25 லிட்டர், 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று வைத்திருக்கிறேன். டயருக்குக் காற்று அடிக்க, தூசு ஊத, அலமாரி செய்யும்போது ஆணி அடிக்க நெயில் கன், அப்புறம் லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய அரை இஞ்ச் இம்பேக்ட் ரெஞ்ச், இவ்வளவுதான் வேலை. கம்ப்ரசர் வாயில் இருப்பது இங்கே எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிற நிட்டோ என்கிற ஜப்பானிய வகை கப்ளரின் (ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பின்) சாக்கெட், அதாவது ப்ளக்கைச் செருகும் பக்கம். நெயில் கன் அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது, அதில் இருந்த ப்ளக் வேறு வடிவம், நிட்டோவில் உட்காரவே மாட்டேன் என்கிறது. சரி என்று அதைக் கழற்றிவிட்டு கடையில் கால் இஞ்ச் நிட்டோ ப்ளக் வாங்கி மாட்டினால் இரண்டு சுற்று விரலால் போகிறது, அப்புறம் இறுகி நின்றுவிடுகிறது, டெஃப்லான் டேப் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவினால் மரையோரம் நுரை கிளம்புகிறது. ஸ்பேனர் போட்டு இன்னும் முறுக்கலாமா, இல்லை எல்லாவற்றையுமே அமெரிக்க வகைக்கு மாற்றிவிடலாமா? இன்னொன்று, இம்பேக்ட் ரெஞ்ச் கார் நட்டை அசைக்கக்கூட மாட்டேன் என்கிறது. கம்ப்ரசருடன் வந்த சுருள் ஹோஸ்தான் போட்டிருக்கிறேன்.

பிறைப்பட்டறை:
தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நெயில் கன் உடம்பு பெரும்பாலும் அலுமினியம் அல்லது மக்னீசியம், நீங்கள் வாங்கிய ப்ளக் எஃகாக இருக்கும், முறுக்கினால் கெடுவது கன்னின் மரைதான். அமெரிக்கக் கருவியில் என்பிடி என்கிற அமெரிக்கத் தர மரை, இங்கே கடையில் சும்மா கால் இஞ்ச் என்று கேட்டால் கொடுப்பது பிஎஸ்பிடி என்கிற பிரிட்டிஷ் தர மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கால் இஞ்ச் அளவில் என்பிடிக்கு ஒரு இஞ்சுக்கு 18 மரை, பிஎஸ்பிடிக்கு 19, பல்லின் கோணமும் 60 பாகை, 55 பாகை என்று மாறும். அதனால்தான் இரண்டு சுற்று போய் நிற்கிறது. கழற்றிய பழைய ப்ளக்கையும் புது ப்ளக்கையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஒரு முனையில் பல் சரியாக விழும், மறு முனைக்குப் போகும்போது பல் மேல் பல் ஏறி நிற்கும். டேப் எவ்வளவு சுற்றினாலும் இது அடைபடாது.

என்பிடி மரை போட்ட நிட்டோ ப்ளக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் என்பிடி ஆண் (வெளி மரை), மறு பக்கம் பிரிட்டிஷ் வகை பிஎஸ்பி பெண் (உள் மரை) உள்ள பித்தளை அடாப்டர் போதும், அதை கன்னிலேயே நிரந்தரமாக விட்டுவிடலாம். பழைய ப்ளக்கைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், வாயால் சொன்னால் கடைக்காரர் வேறு ஒன்றைத்தான் கொடுப்பார்.

வகையை மாற்ற வேண்டாம். அமெரிக்க வகையோ ஐரோப்பிய வகையோ மட்டமில்லை, காற்று நன்றாகவே போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ப்ளக் உடைந்தால் பினாங்கில் எந்தத் தாமானிலும் (குடியிருப்பிலும்) பக்கத்துக் கடையில் கிடைப்பது நிட்டோதான். நிட்டோ கப்ளரின் எழுத்தையும் எண்ணையும் தெரிந்துகொண்டால் கடையில் குழம்ப வேண்டாம்: எஸ் என்றால் சாக்கெட், பி என்றால் ப்ளக், அடுத்த எழுத்து எம் என்றால் ஆண் மரை, எஃப் என்றால் பெண் மரை, எச் என்றால் ரப்பர் ஹோஸுக்குள் செருகிக் கிளிப் போடுவது. 20 என்பது கால் இஞ்ச், 30 என்பது எட்டில் மூன்று இஞ்ச், 40 அரை இஞ்ச். மரை அளவு மாறினாலும் சாக்கெட்டுக்குள் போகும் மூக்கு ஒன்றுதான், 20 ப்ளக் 40 சாக்கெட்டில் தாராளமாக உட்காரும்.

செந்தூல்தச்சன்:
மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் நெயில் கன்னைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். கன் பக்கம் எப்போதும் ப்ளக்தான், சாக்கெட் ஹோஸ் முனையில்தான். சாக்கெட்டுக்குள் வால்வு இருக்கிறது, கழற்றியதும் மூடிக்கொள்ளும். அதைக் கன்னில் மாட்டினால் ஹோஸைக் கழற்றிய பிறகும் கன்னுக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும், விசையில் விரல் பட்டால் ஆணி பாயும். ப்ளக்கில் வால்வு இல்லை, கழற்றிய நொடியே கன் காலியாகிவிடும். கடையில் இருந்தது சாக்கெட்தான் என்று அதை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஆணி சிக்கினாலும் முதலில் ஹோஸைக் கழற்றுவது, பிறகுதான் கன்னின் மூக்கைத் திறப்பது.

அழுத்தத்தையும் பாருங்கள், கன்னில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டி ரெகுலேட்டரை (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருப்பாதீர்கள். அழுத்தத்தை பார், பிஎஸ்ஐ என்று இரண்டு அளவில் எழுதுவார்கள், ஒரு பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ.

பாயான்பாரு_மரவேலை:
மிக்க நன்றி அண்ணே. ஜெலுத்தோங்கில் அடாப்டர் கிடைத்தது, கன் இப்போது மரையோரம் துளி நுரை இல்லை. இம்பேக்ட் ரெஞ்சுக்கு 40 கப்ளர் போட்டால் பலம் கூடுமா?

பிறைப்பட்டறை:
பலம் கூடாது தம்பி, அடைப்பு ஹோஸில்தான். சுருள் ஹோஸில் 8க்கு 5 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், வெளியே 8 மில்லிமீட்டர், காற்று போகும் துளை வெறும் 5. தூசு ஊதவும் ஆணி அடிக்கவும் அது போதும். அரை இஞ்ச் ரெஞ்ச் விசையை அழுத்தியிருக்கும்போதே 90 பிஎஸ்ஐ வேண்டும், உள்துளை 10 மில்லிமீட்டர் உள்ள ரப்பர் ஹோஸ் போடுங்கள், முடிந்தவரை குட்டையாக. விசையை அழுத்தியபடியே ரெகுலேட்டர் முள்ளைப் பாருங்கள். முள் சரியாமல் நின்றும் ரெஞ்சில் பலம் இல்லையென்றால் ஹோஸ் வழியில்தான் அழுத்தம் குறைகிறது. முள்ளே சரிந்தால் கம்ப்ரசர் ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். 25 லிட்டர் தொட்டியில் ஒன்றிரண்டு நட்டு கழற்றலாம், அப்புறம் தொட்டி நிரம்பக் காத்திருக்க வேண்டும். எந்த கப்ளர் போட்டாலும் அது மாறாது. ரெஞ்ச் பக்கம் ஓரடி ரப்பர் ஹோஸ் வைத்து அதன் முனையில் ப்ளக் போட்டால் அதிர்வில் ப்ளக் தேயாது.

பாயான்பாரு_மரவேலை:
சரி அண்ணே, ரப்பர் ஹோஸ் வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று, கம்ப்ரசர் வாயில் இருக்கிற பழைய சாக்கெட்டில் ப்ளக்கைப் பக்கவாட்டில் இழுத்தால் உஸ்ஸென்று சத்தம் வருகிறது.

பிறைப்பட்டறை:
வேறு ஒரு புது ப்ளக்கை அதில் செருகிப் பாருங்கள். சத்தம் நின்றால் பழைய ப்ளக்கின் மூக்கில் கீறலோ துருவோ இருக்கும், நம் ஊர் ஈரத்தில் எஃகு ப்ளக் சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தத் துரு சாக்கெட்டையும் கெடுக்கும். புது ப்ளக்கிலும் சத்தம் வந்தால் சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது, சாக்கெட்டையே மாற்றிவிடுங்கள். கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தி, தொட்டியின் அடி வால்வைத் திறந்து முள் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை விடுங்கள், தேங்கிய தண்ணீரும் அதோடு வெளியேறும். புது சாக்கெட்டின் மரையில் முதல் பல்லை விட்டு, முனை உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகார முள் போகும் பக்கமாக டேப்பை மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள்.