சோதனையில் சேர முன்வரும் மனநிலை: கலைச்சொல் தேவை

அன்புடையீர், வணக்கம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்துச் சோதனைகளில் சேர, தொற்று அபாயம் மிகுந்தோர் எந்த அளவுக்கு முன்வருவார்கள் என்பதை அளக்கும் வினாத்தாளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நெறிமுறைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நான் தேடுவது ‘ஒப்புதல்’ அன்று. விவரம் முழுவதையும் கேட்டறிந்தபின் படிவத்தில் கையொப்பமிடுவதே ஒப்புதல். அதற்கும் முன்பாக, ‘இப்படியொரு சோதனை நடந்தால் சேருவீர்களா?’ என்று கேட்கும்போது ஒருவரிடம் காணப்படும் மனநிலைக்கே பெயர் வேண்டும். சேருவேன் என்று வினாத்தாளில் குறித்தவர்கள் அனைவரும் பின்னர்ச் சேர்ந்துவிடுவதில்லை என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்க இயலாது. ‘தன்னார்வம்’ எனலாமா?

மறுமொழி:

ஐயா, அச்சத்தோடு சேர்பவரும் உண்டு. அவரிடம் ஆர்வத்தைத் தேட முடியாது. ‘விழை’ என்னும் வேரிலிருந்து ‘பங்கேற்பு விழைவு’ என்று தூய தமிழிலேயே அமைக்கலாம். இன்னும் செறிவாக வேண்டுமெனில் ‘துணிவு’ இருக்கிறது. துணித்தல் வெட்டுதல்; ஐயத்தை வெட்டி ஒரு பக்கம் நிற்பதே துணிதல். ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதிலும் அப்பொருளே.

மறுமொழி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஆலோசகராகப் பணிபுரியும் என்னால் இவ்விரண்டையும் ஏற்க இயலாது. பிறன் மனைவியை விரும்பாதிருத்தலைச் சொல்லும் ‘பிறனில் விழையாமை’ என்ற திருக்குறள் அதிகாரத் தலைப்பை அறிந்தவர் காதில் ‘விழைவு’ எப்படி ஒலிக்கும்? ஏற்கெனவே ஒழுக்கம் பற்றிய ஏச்சைச் சுமப்பவர்களிடம் அச்சொல்லை நீட்டலாகாது. துணிவுக்குத் தாங்கள் காட்டிய குறளோ, ‘துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்று முடிகிறது. சோதனையில் சேர்ந்தவர் எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே விலகலாம் என்பது அடிப்படை உரிமை. அதை இழுக்கு என்னும் வாடை கூட அண்டக்கூடாது.

மக்கள் தயங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளால், தொற்று இல்லாதவருக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ‘தொற்று உண்டு’ என முடிவு வரக்கூடும். ‘வேலைக்குச் சேரும்போது பரிசோதித்தால் நான் என்ன சொல்வேன்?’ என்பதே அவர்கள் கேள்வி. 2007இல் நிறுத்தப்பட்ட ‘ஸ்டெப்’ என்னும் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில், தடுப்பூசி பெற்ற ஆண்களில் சில பிரிவினரிடம் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. இவற்றையெல்லாம் எடைபோட்டு, ‘சேரக்கூடும்’ என்று ஒருவர் சொல்வதை ‘முன்வரவு’ எனலாம் என்பது என் கருத்து.

மறுமொழி:

வரவு என்றதும் வரவுசெலவுதான் நினைவுக்கு வரும். பங்கேற்போருக்குப் பயணப்படி தரப்படும் இடத்தில் ‘முன்வரவு’ முன்பணம்போல் தோன்றினால், பணத்துக்காகச் சேர்க்கிறார்கள் என்ற ஐயத்துக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம். ‘பங்கேற்பிசைவு’ சிறக்கும்.

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. அறிக்கையில் ‘பங்கேற்பிசைவு’ என்றும், வினாத்தாளில் ‘சேர முன்வருவீர்களா?’ என்று வினையாகவும் எழுதி அனுப்புகிறேன். பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டுள்ளனர்.

மறுமொழி:

நான் உடன்படவில்லை. இசைவு என்பது சட்டத் தமிழில் ஒப்புதலையே குறிக்கிறது. எதிலிருந்து பிரிக்க முற்பட்டீர்களோ, அதனோடே மீண்டும் சேர்த்துவிட்டீர்கள். வினா வடிவம் மட்டும் எனக்கும் ஏற்புடையது. அறிக்கையிலும் ‘சேர முன்வருதல்’ என்றே எழுதுங்கள்.