மில் ஹாஸ்டல் பெண்களுக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பயிற்சி: எப்படி நடத்துவது?

கேள்வி (மனிதவள அலுவலர், வேடசந்தூர்):
எங்கள் நூற்பாலை ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும், புரோக்கர் மூலம் வந்த தென்மாவட்டப் பெண்களும் தங்கி வேலை பார்க்கிறார்கள். நூல் வாங்கும் நிறுவனங்கள் கேட்பதால் ஆண்டுக்கொரு முறை வகுப்பு நடத்தி, கையெழுத்து வாங்கி, புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுகிறோம். உண்மையிலேயே பயன்படும்படி இதை நடத்துவது எப்படி? பள்ளியிலேயே தொடங்க வழி உண்டா?

பதில் 1 (வழக்கறிஞர், மதுரை):
முதல் வகுப்பில் வார்டன், சூப்பர்வைசர், கேட் காவலர், ஆள் கொண்டுவரும் புரோக்கர் ஆகியோரை உட்கார வையுங்கள். "பெற்றோர் சம்மதித்துத்தானே அனுப்பினார்கள்" என்பது ஆலைகளில் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆனால், ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஆள் சேர்ப்பதைக் கடத்தல் என்று வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 143ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று ஏஷியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இலேயே கூறிவிட்டது. சுமங்கலி திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு முடிந்தால்தான் மொத்தத் தொகை என்று பிடித்து வைத்து, நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய பெண்களை வெறுங்கையோடு அனுப்பிய கதையெல்லாம் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசர்களுக்கு அதையே பாடமாக நடத்தலாம்.

பதில் 2 (அரசுப் பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்):
பள்ளியில் தொடங்கலாம், ஆனால் காலம் பார்த்துத் தொடங்க வேண்டும். புரோக்கர்கள் வருவது பொதுத்தேர்வுக்கும் மாற்றுச் சான்றிதழ் வழங்குவதற்கும் இடைப்பட்ட விடுமுறையில். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையின் வீட்டைத்தான் முதலில் தேடிப் போவார்கள். நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே ஒரு சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்: நாள் கூலி, சாப்பாட்டுப் பிடித்தம், பிஎஃப், வீட்டுக்குக் கொடுத்த முன்பணம். கையில் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, புரோக்கர் சொல்லும் மொத்தத் தொகை அவர்களை அவ்வளவு எளிதில் மயக்குவதில்லை. துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட உதவுவதும் தடுப்பு வேலைதான். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அதை நான் பார்த்ததில்லை.

பதில் 3 (முன்னாள் மில் தொழிலாளி):
நான் இருந்த ஹாஸ்டலில் வார்டன் அருகில் இருக்கும்போதுதான் வீட்டுக்குப் பேச முடியும். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய உதவி எண்கள் ஒட்டியிருந்ததோ வார்டன் அறையின் உள்சுவரில். பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், ஒடியாப் பெண்களுக்கு நாங்கள்தான் படித்துச் சொல்வோம். கைப்பேசி அவரவர் கையில் இருக்கவும், ஞாயிற்றுக்கிழமை துணையாள் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய் வரவும் அனுமதித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
கைப்பேசி விஷயத்தை வரும் வாரமே நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கிறேன். ஒடியாவில் வகுப்பெடுக்கக்கூடிய, எங்கள் மில்லில் சம்பளம் வாங்காத ஒருவரைத் திண்டுக்கல் பக்கம் யாருக்காவது தெரியுமா?