ஒரே டேட்டா, இரண்டு பி வேல்யூ: முன்-பின் சர்வேக்கு எந்த டெஸ்ட்?

கடைசிபெஞ்ச்:
வணக்கம். எம்.எட். ஆய்வுக்காக ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பயம் பற்றி ஒரு சர்வே எடுத்தேன். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நான்கு வாரம் செயல்வழியில் இயற்கணிதம் நடத்திவிட்டு அதே சர்வேயைத் திரும்பக் கொடுத்தேன். முதலில் 42 பேர் எழுதினார்கள், இரண்டு தடவையும் எழுதியவர்கள் 38 பேர். தாளில் ரோல் நம்பர் இருக்கிறது.

மொத்த மதிப்பெண்ணின் சராசரி 62.4இலிருந்து 58.1க்கு இறங்கியது. திட்ட விலக்கம் 11.6, 12.2. எக்செல்லில் இன்டிபென்டன்ட் டி-டெஸ்ட் (இரண்டு தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது) போட்டால் பி, அதாவது மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமாவது வரும் வாய்ப்பு, 0.12. பெயர்டு (அதே ஆளின் முன்-பின் ஜோடியை ஒப்பிடுவது) போட்டால் 0.007. கைடு "டி-டெஸ்ட் போடும்மா" என்று மட்டும் சொன்னார். இப்படி 1-5 என்று விடை கேட்கும் லைக்கர்ட் அளவுகோலுக்கு டி-டெஸ்ட்டே கூடாது, எண்களுக்குப் பதில் தரவரிசையை வைத்துப் போடும் வில்காக்சன்தான் என்கிறாள் தோழி. எதை எழுதுவது?

சதுரத்தாள்:
பெயர்டுதான். சாதகமான விடை வருகிறது என்பதற்காக இல்லை, ஒரே பிள்ளையை இரண்டு தடவை அளந்திருக்கிறீர்கள் என்பதற்காக. இன்டிபென்டன்ட் டெஸ்ட் உங்கள் 38 பேரை 76 வெவ்வேறு ஆட்களாக எண்ணிக்கொள்கிறது. பயந்த பிள்ளைக்கும் பயப்படாத பிள்ளைக்கும் இடையே முதலிலிருந்தே உள்ள பெரிய இடைவெளி அந்தக் கணக்கில் இரைச்சலாகச் சேர்ந்துவிடும். பெயர்டு அதைக் கழித்துவிட்டு, அவரவர் எவ்வளவு மாறினார் என்பதை மட்டும் பார்க்கும்.

நீங்கள் தந்த எண்களிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். முன் மதிப்பெண்ணுக்கும் பின் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, அதிகபட்சம் 1) 0.7 வாக்கில் வருகிறது. வித்தியாசத்தின் திட்ட விலக்கம் சுமார் 9.2, அதிலிருந்து டெஸ்ட் தரும் டி மதிப்பு 2.87. ஆக 0.007 சரியாகவே இருக்கிறது.

ஒரு விஷயம் பாருங்கள். டி.டெஸ்ட் ஃபார்முலாவில் கடைசி இடத்தில் 1 போட்டால்தான் பெயர்டு. அப்புறம் ஷீட்டில் ஒரு காலத்தை மட்டும் சார்ட் செய்துவிடாதீர்கள். சராசரி மாறாது, எர்ரர் எதுவும் காட்டாது, ஆனால் ஒருத்தியின் முன் மதிப்பெண் இன்னொருத்தியின் பின் மதிப்பெண்ணோடு சேர்ந்துவிடும்.

மழைக்காகிதம்:
தோழி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஒற்றைக் கேள்வியை எடுத்து 3லிருந்து 2 ஆனதா என்று பார்ப்பதானால் வில்காக்சன் பொருத்தம். 20 கேள்வியின் கூட்டுத்தொகை 20 முதல் 100 வரை பரவுகிறது. அதற்கு டி-டெஸ்ட் போடுவது கல்வி ஆய்வில் வழக்கம்தான், அதில் தப்பொன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின் கழித்தல் முன் என்று ஒரு காலம் போட்டு, அதற்கு ஹிஸ்டோகிராம் வரையுங்கள். நார்மலாக (நடுவில் குவிந்து இருபுறமும் சீராகச் சரியும் மணி வடிவில்) இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது அந்த வித்தியாசத்தை. முன் மதிப்பெண்ணுக்கும் பின் மதிப்பெண்ணுக்கும் தனித்தனியாக டெஸ்ட் போட்டு நாலு பக்கம் நிரப்புவார்கள், அது வேண்டாம்.

தயவுசெய்து 20 கேள்விக்கும் 20 டி-டெஸ்ட் போடாதீர்கள். ஒன்றுமே மாறாவிட்டாலும் 0.05 அளவில் சராசரியாக ஒன்று தற்செயலாகவே 'சிக்னிஃபிகன்ட்' (பி 0.05க்குக் கீழ்) என்று வரும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அத்தியாயமே எழுதியவர்கள் உண்டு.

கடைசிபெஞ்ச்:
நன்றி. ஆம்/இல்லை கேள்வியும் ஒன்று தனியாகக் கேட்டிருந்தேன்: "சந்தேகம் வந்தால் டீச்சரிடம் கேட்பாயா?" இரண்டு தடவையும் ஆம் 14, இரண்டு தடவையும் இல்லை 9, இல்லையிலிருந்து ஆம் 12, ஆமிலிருந்து இல்லை 3. இதற்கு எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-ஸ்கொயர் டெஸ்ட்தானே?

சதுரத்தாள்:
சாதாரண கை-ஸ்கொயர் இல்லை, அதே ஆட்களின் முன்-பின் ஆம்/இல்லை விடைக்கான மெக்நிமர் டெஸ்ட். மாறாத 23 பேரும் மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மாறிய 15 பேரில் 12 பேர் ஒரு பக்கம், 3 பேர் மறுபக்கம். 15 தடவை நாணயம் சுண்டினால் இவ்வளவு சாய்வு வருமா என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை சிறியது, அதனால் நேரடியாக ஈருறுப்புக் கணக்கே போடலாம்: இருபக்க பி 0.035.

மழைக்காகிதம்:
விட்டுப்போன 4 பேர் யார்? அவர்களின் முதல் சர்வே மதிப்பெண்ணை எடுத்துப் பாருங்கள். அதிகம் பயந்தவர்களே இரண்டாம் சர்வே அன்று வராமல் போயிருந்தால், ஆய்வறிக்கையில் அதைச் சொல்லியாக வேண்டும். ஒப்பிட வேறு செக்‌ஷனும் இல்லை போலிருக்கிறது. அப்படியானால் 'பயம் குறைந்தது' என்று எழுதலாம், 'செயல்வழியால் குறைந்தது' என்று எழுத முடியாது. முதல் சர்வே பரீட்சைக்கு முந்தின வாரமும் இரண்டாவது பரீட்சை முடிந்த வாரமும் நடந்திருந்தால், பரீட்சை முடிந்ததே போதும் பயம் குறைய.

கடைசிபெஞ்ச்:
அந்த 4 பேரின் சராசரி 63, மற்றவர்களோடு ஒத்துப்போகிறது. இரண்டு சர்வேக்கு நடுவே பரீட்சை எதுவும் இல்லை. ஹிஸ்டோகிராமில் ஒருவன் மட்டும் தனியாக −31இல் நிற்கிறான், 75இலிருந்து 44. தாளை எடுத்துப் பார்த்தேன். 20 கேள்விக்கும் 1ஐ வட்டமிட்டிருக்கிறான், தலைகீழாக மதிப்பெண் போடவேண்டிய 6 கேள்விகள் உட்பட. எடுத்துவிடலாமா?

சதுரத்தாள்:
"எனக்குக் கணக்கு பயம்", "எனக்குக் கணக்கு பயமே இல்லை" இரண்டுக்கும் ஒரே விடை என்றால் படிக்காமல் வட்டமிட்டிருக்கிறான். ஆனாலும் சத்தமில்லாமல் எடுக்காதீர்கள். அவனோடும் அவன் இல்லாமலும் இரண்டு முறை போட்டு இரண்டையும் எழுதுங்கள். அவனை விட்டால் சராசரிக் குறைவு 4.3இலிருந்து ஏறக்குறைய 3.6 ஆகும், பி 0.012 பக்கம் வரும். முடிவு நிற்கிறது. இந்த மாதிரி டேட்டாவுக்கு வில்காக்சனும் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டால் தோழியும் சும்மா இருப்பாள்.

பி வேல்யூவை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். 38 பேருக்கு 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரிக் குறைவு இருக்கக்கூடிய வீச்சு, 1.3 முதல் 7.3 வரை. 80 புள்ளி வீச்சுள்ள அளவுகோலில் நாலு புள்ளி பெரிதா சிறிதா என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

கடைசிபெஞ்ச்:
மற்ற 37 தாள்களிலும் இப்படி ஒரே எண் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். முன் சர்வே தாள்களையும் சேர்த்துத்தானே பார்க்கவேண்டும்?

சதுரத்தாள்:
ஆமாம், இரண்டையும். எக்செல்லில் ஒவ்வொரு பிள்ளையின் 20 விடைக்கும் திட்ட விலக்கம் போடுங்கள். ரிவர்ஸ் செய்வதற்கு முந்தைய எண்களில் போடவேண்டும், இல்லாவிட்டால் இவனே சிக்கமாட்டான். பூஜ்யம் வருகிற தாளை மட்டும் எடுத்துப் பாருங்கள்.