கலைச்சொல்: ‘உயிரியற் பெருக்கம்’ இங்கே பொருந்துமா?

ஹட்டன்:
டொக்டர், தோட்டக் கிளினிக்குகளுக்கான கர்ப்பிணிப் போசாக்குக் கைநூலில் ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. டி.எச்.ஏ., அரகிடோனிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பமிலங்களின் பங்கும் தாயின் குருதியைவிடப் பிள்ளையின் குருதியில் கூடியிருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் பயோமெக்னிஃபிகேஷன் என்கிறார்கள். சூழலியலிலிருந்து ‘உயிரியற் பெருக்கம்’ என்பதை அப்படியே எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதைச் சொல்லும் சொல். மருத்துவ மாது மீன் சாப்பிடச் சொல்லும் பக்கத்திலேயே அது வந்தால் தாய்மார் மீனையே விட்டுவிடுவார்கள். ‘தெரிவுச்செறிவு’ சரிவருமா?

பதுளை:
டீச்சர், ‘தெரிவு’ மிகச் சரி. பாதரசம் கூடுவது உடல் அதை எளிதில் வெளியேற்றாததால். இங்கே சூல்வித்தகம், அதாவது நஞ்சுக்கொடி, ஆள் பார்த்து எடுக்கிறது. தாயின் குருதியிலுள்ள கொழுப்பான முக்கிளிசரைட்டு அதை முழுதாகக் கடக்காது. தாய்ப்பக்க மென்சவ்விலுள்ள இலிப்பேசு நொதியங்கள் அதை வெட்டிக் கொழுப்பமிலத்தைப் பிரிக்கும். பிறகு காவிப் புரதங்கள் உள்ளே கொண்டுபோகும். டி.எச்.ஏ.க்கு இன்னொரு வழியும் உண்டு: லைசோபொஸ்பற்றிடைல்கோலின் என்ற கொழுப்போடு சேர்ந்து வருவதை எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற காவி ஏற்றிவிடும். மறுபக்கத்தில் பிள்ளையின் அல்பா-ஃபீட்டோபுரதம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். குருதியில் பொஸ்போலிப்பிட்டு என்ற வகைக் கொழுப்புகளில் அரகிடோனிக்கின் சதவீதம் பிள்ளையிடம் ஏறத்தாழ இருமடங்கு. லினோலெயிக் என்ற இன்னொரு கொழுப்பமிலமோ தாயிடமிருப்பதில் பாதிக்கும் குறைவு.

ஆனால் ‘செறிவு’ வேண்டாம். கர்ப்ப காலத்தில் தாயின் குருதிக் கொழுப்பே உயர்ந்துவிடும். லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்தால் டி.எச்.ஏ. தாயிடம்தான் அதிகம். பிள்ளையிடம் கூடுவது மொத்தக் கொழுப்பமிலத்தில் அதன் சதவீதம். செறிவு என்று எழுதினால் ஆய்வுகூட அறிக்கை பார்ப்பவர் பிழையாக விளங்கிக்கொள்வார்.

ஹட்டன்:
அப்படியானால் ‘தெரிவேற்றம்’. அளவு எதையும் அது சொல்லவில்லை. வினையாகவும் நிற்கும்: ‘சூல்வித்தகம் டி.எச்.ஏ.யைத் தெரிவேற்றுகிறது.’ இன்னொன்று, வரைவில் டி.எச்.ஏ.யையும் ‘அத்தியாவசியக் கொழுப்பமிலம்’ என்று எழுதியிருக்கிறது. உடலால் ஆக்கவே முடியாதது என்ற கண்டிப்பான பொருளில் லினோலெயிக், அல்பா-லினோலெனிக் இரண்டு மட்டுந்தானே?

பதுளை:
ஆம், திருத்திவிடுங்கள். தெரிவேற்றத்தை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்து, ‘பிள்ளை எப்படியும் எடுத்துக்கொள்ளும்’ என்று யாரும் இருந்துவிடக் கூடாது. தாயிடம் குறைந்தால் பிள்ளைக்குப் போவதும் குறையும். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் போதாது: தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் 2 சதவீதமளவுதான், அல்பா-லினோலெனிக் இல்லையென்றே சொல்லலாம். சத்துமாவான திரிபோஷவில் சோயா இருப்பதால் இரண்டும் கிடைக்கும், டி.எச்.ஏ. கிடைக்காது. அல்பா-லினோலெனிக்கிலிருந்து உடல் ஆக்கிக்கொள்வதும் சொற்பம். நாளுக்கு 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. என்பது வழக்கமான பரிந்துரை. மெக்கரல் டின்மீன் 50 கிராமில் அது தாராளமாகக் கிடைக்கும். நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து உப்பை இறக்கியே சமைக்கச் சொல்லுங்கள்.

மூளைக்கு டி.எச்.ஏ. மிக வேகமாகச் சேர்வது கடைசி மூன்று மாதத்தில். குறைமாதப் பிள்ளை இழப்பது இந்தத் தெரிவேற்றக் காலத்தைத்தான். அந்த வரியை முதற் பக்கத்திலேயே போடுங்கள்.