தொழிற்புரட்சி நீராவி இயந்திரத்தால்தான் தொடங்கியதா?

கேள்வி: தோட்டத்து அப்பா, சுங்கை சிப்புட்

படிவம் நான்கில் பயிலும் என் மகள், தொழிற்புரட்சி பற்றிய கட்டுரையை, 'ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதனால் ஆலைகள் தோன்றின' என்று தொடங்கியிருக்கிறாள். எனக்கு அது சரியாகப் படவில்லை, எங்கே இடறுகிறது என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, அந்த வரியின் இரு பாதிகளும் இடறுகின்றன. தாமஸ் நியூகோமனின் நீராவி இயந்திரம் 1712-லேயே இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைத்தது. ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்கிப் பின் குளிர்விக்க வேண்டியிருந்ததால் அது கரியை வாரி விழுங்கியது. சுரங்க வாயிலிலேயே கரி கிடைத்ததால் முதலாளிகள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் அமைத்து அந்த விரயத்தைக் குறைத்ததே வாட்டின் சாதனை. அதற்கான காப்புரிமை 1769-இல் கிடைத்தது.

ஆலையோ நீராவிக்காகக் காத்திருக்கவே இல்லை. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் குரோம்ஃபோர்டில் நிறுவிய நூற்பாலை நீர்ச்சக்கரத்தால் ஓடியது. அங்கே மணியடித்தால் வேலைக்கு வர வேண்டும், இரவும் பகலும் முறை வைத்து உழைக்க வேண்டும். என்னைக் கேட்டால், இயந்திரத்தைவிட அந்த மணிதான் பெரிய மாற்றம். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு) ஓடிய நம் பெற்றோரிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

பதில்: செம்பனை ஆலை ஃபிட்டர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வாட்டின் எண்ணம் காகிதத்தில் சரியாக இருந்தும், பல ஆண்டுகள் இயந்திரம் ஒழுங்காக ஓடவில்லை. உருளையின் உட்புறம் சீரான வட்டமாக இல்லாததால் பிஸ்டனைச் சுற்றி ஆவி கசிந்தது. பீரங்கிக் குழாய் குடைவதில் தேர்ந்த ஜான் வில்கின்சன், இருமுனைகளிலும் தாங்கப்பட்ட தண்டைக் கொண்டு உருளையைக் குடையும் இயந்திரத்தை 1775 வாக்கில் உருவாக்கிய பிறகே அது தீர்ந்தது. 50 அங்குல விட்டமுள்ள உருளையில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்ட்டன் வியந்து எழுதினார்.

நான் வேலை செய்யும் ஆலையில் செம்பனை (பாமாயில்) பழத்தின் நாரையும் கொட்டை ஓடுகளையும் எரித்து பாய்லரில் ஆவி எடுக்கிறோம். அது டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, அழுத்தம் குறைந்த நிலையில் பழக்குலைகளை வேகவைக்கப் போகிறது. ஒரு வால்வில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்தாலே 'உஸ்' என்று ஆவி சீறும். வாட் பட்ட பாடு எங்களுக்குப் புரியும். ஆகவே, இயந்திரத்தைச் செய்யும் இயந்திரங்களுக்கும் உங்கள் மகள் ஒரு பத்தி ஒதுக்கட்டும்.

தோட்டத்து அப்பா: இருவருக்கும் நன்றி. நம் வட்டாரத்தை இதில் இணைக்க வழியுண்டா?

பதில்: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்

தாராளமாக. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு சூடாக்கி அக்குறையைப் போக்கிய பிறகே அது ஆலைகளுக்கு நம்பகமான பொருளாயிற்று. சிங்கப்பூருக்கு 1877-இல் 22 கன்றுகள் வந்தன; அவற்றுள் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன, ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆயினும் வணிக நோக்கிலான முதல் தோட்டத்தை டான் சாய் யான் மலாக்காவில் 1896-இல்தான் தொடங்கினார். இடையில், 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்; பட்டையைச் சீவினாலும் மரம் சாகாத முறையைச் சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்துக்கொண்டிருந்தார். 1913-இல் ஃபோர்டு நகரும் தொகுப்பு வரிசையை அமைத்ததும், ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஆன பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலான வேலை, சில மாதங்களில் ஏறத்தாழ 93 நிமிடங்களுக்கு இறங்கியது. அத்தனை கார்களுக்கும் டயர் வேண்டியிருந்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்து பால்மரம் சீவியது அந்தத் தேவைக்காகத்தான்.